ஏசி மெக்கானிக் வீட்டுக் குளிர்

குதைபியாவில் கோடை முழுக்க
நீலக் குழாய்தான் சுடும்.
மொட்டைமாடித் தொட்டியை வெயில் காய்ச்சி அனுப்பும்.
கீசரை அணைத்துப்போட்டு
சிவப்புக் குழாயைத் திறந்தால்தான்
உடம்பு தாங்குகிற தண்ணீர் வரும்.
செலவில்லாத வெந்நீர் என்று
அப்போது சிரித்துக்கொண்டோம்.

ஜனவரியில் குழாய்கள்
தத்தம் நிறத்துக்குத் திரும்பிவிட்டன.
நீலம் விறைக்கிறது.
சிவப்புக்கு மீட்டர் ஓடுகிறது.

குளிர்காலத்தில் ஏசியை யார் நினைப்பார்கள்?
ஜெபசிங்குக்கு மூன்று மாதம் ஓவர்டைம் கிடையாது.
ஊரார் வீட்டு ஏசியெல்லாம் கழற்றி மாட்டுகிற மனுஷன்
எங்கள் ஜன்னல் ஏசிக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளியை
ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
ஷமால் அடித்த ராத்திரி
அந்த இடைவெளி விசிலடித்தது.
ஷைனியும் சேர்ந்துகொண்டாள்,
நெஞ்சுக்குள்ளிருந்து.

மறுநாள் ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைக் கிழித்து
வெள்ளி டேப் போட்டு
காற்றுக்கு வழியே இல்லாமல் அடைத்தார்.
ஆறு தினாருக்குப் பழைய ஹீட்டர் ஒன்று.
மேல்மாடிப் பையன்கள் கரி மூட்டிக் காய்ந்து
தலைசுற்றி விழுந்து
நாத்தூர் கதவை உடைத்த கதை
கட்டடம் முழுக்கத் தெரியும்.
ஆறு தினார் போகட்டும் என்றேன்.

பத்து நாள் சுகம்.
துணியும் உள்ளேயே காய்ந்தது.
பதினோராம் நாள்
அலமாரியை நகர்த்தினால்
சுவரில் கடுகு வெடித்தது போல் கறுப்புப் புள்ளிகள்.
பூஞ்சை.

"காலையில பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து வைங்க"
ஹெல்த் சென்டர் நர்ஸ் சொன்னாள்.
ராத்திரி முழுக்கக் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை
காலையில் சும்மா வெளியே விடுவதா?
வாய்வரை வந்தது.
குழந்தையின் முதுகில் குழல் வைத்திருந்தவளிடம்
கேட்கவில்லை.

பிறகு பில் வந்தது.
முப்பத்து நான்கு தினார் அறுநூற்றைம்பது பில்ஸ்.
இந்த ஊரில் பில்லுக்கும் பில்ஸுக்கும்
ஒரே எழுத்துதான் தூரம்.
போன மாதம் பத்தொன்பது.

பக்கத்து அறை மரிசெல்
இரவுப் பணி முடிந்து வந்து
காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஹீட்டர் என்னிடம் இல்லை. பாதி ஏன் தரணும்?"
நியாயம்தான்.
நியாயம் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது.
இரண்டு நாள் அடுப்படியில்
ஒருவர் போனபின் ஒருவர்.

நான் பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணி ஏற்றுகிறவள்.
எண்ணாமல் என்னால் இருக்க முடியாது.
வெள்ளிக்கிழமை மாடிப்படி மீட்டர் முன்னால் நின்றேன்.
மரிசெல் வாசலில் நின்று
ஒவ்வொன்றாய் அணைத்துக் கத்தினாள்.
ஹீட்டர் ஆஃப்!
ஓடுது.
ஃப்ரிட்ஜ் ஆஃப்!
ஓடுது.
எல்லா விளக்கும் ஆஃப்!
இன்னும் ஓடுது, ஓடிக்கொண்டே இருக்குது.
கீசர்?
நின்றது.

தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு
யாரும் குளிக்காத நேரத்திலும்
இரவு பகலாய்க் கொதித்திருக்கிறது.
ஜெபசிங் மூன்றரை தினாருக்கு ஒரு சாமான் வாங்கிவந்து
நாற்பது நிமிஷத்தில் மாற்றினார்.
"கேட்டிருந்தால் அன்றே பார்த்திருப்பேனே" என்றார்.
ஜன்னல் இடைவெளியைச் சொல்லிக்காட்ட நினைத்து
விட்டுவிட்டேன்.
பில்லில் இருபது எங்களுக்கு,
மிச்சம் அவளுக்கு.
ஐம்பது பில்ஸுக்குச் சில்லறை இல்லை,
இஞ்சி கொடுத்தாள்.

இப்போது காலை ஆறு மணிக்கு ஜன்னல் திறக்கிறது.
துணி மொட்டைமாடிக்குப் போய்விட்டது.
ஒரே கம்பளிக்குள் நாங்கள் மூவர்,
கட்டில் ஓரத்தில் யூனிஃபார்மோடு
தேநீர் ஊதும் மரிசெல்.
ஷைனி கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுப்பதில்லை.
ஏழு நிமிஷம் ஆனதும்
"பத்தாச்சு" என்கிறாள்.

பிளீச் போட்டுத் துடைத்தும் போகாத ஒரு புள்ளியைச் சுற்றி
பென்சிலால் வட்டம் போட்டு
தேதி எழுதியிருக்கிறேன்.
வட்டத்தைத் தாண்டவில்லை.
அழியவும் இல்லை.
பிப்ரவரி பில் வரட்டும்.